டீச்சர் வேண்டாம், அம்மா போதும்

காலை ஏழே கால். எங்கள் தெருமுனையில் முதல் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும். அப்போது எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும். ஏழு வயது மகள் கண்களை இறுக மூடியிருப்பாள். ஐந்து வயது மகன் ஒரு கண்ணை மட்டும் மூடி, இன்னொரு கண்ணால் வேனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பலையா?" கிழக்குத் தாம்பரத்தில் கீரைக்காரம்மா முதல் சபையில் பக்கத்தில் உட்காருபவர் வரை கேட்காதவர் இல்லை.

எங்கள் நாள் இதுதான். எட்டரைக்குக் கணக்கு, இருபது நிமிடம். அடுத்து தமிழ், இருபது நிமிடம். பிறகு வீட்டு வேலை. மகள் பூண்டு உரிப்பாள், மகன் துணி மடிப்பதாக நினைத்துக்கொள்வான். பதினோரு மணிக்கு ஆங்கிலம். மதியம் சாப்பாடு, கதைப் புத்தகம், குட்டித் தூக்கம். நாலரைக்குத் தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்துவிட்டால், விளக்கு வைக்கும் வரை இருவரும் வீடு தங்க மாட்டார்கள்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் முதல் வருடம் இப்படி இல்லை.

அப்போது வீட்டையே ஸ்கூலாக்கி வைத்திருந்தேன். கரும்பலகை, கால அட்டவணை, மணி எல்லாம் உண்டு. மகளை இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழ விடமாட்டேன். அவள் வயதே ஆன நாத்தனார் மகள் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது செய்தித்தாளைச் சரளமாக வாசித்தாள். என் மகளுக்கோ 'கை', 'கொ' என்றாலே தடுமாற்றம். மாமியார் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை.

மறுநாள் காலையில் அதே பக்கத்தில் அவள் மூன்றாவது முறையாகத் திணறியபோது, புத்தகத்தை மேஜையில் ஓங்கி அடித்தேன். அவள் அழவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "நீங்க டீச்சரா இருக்க வேண்டாம். அம்மாவாவே இருக்கீங்களா?"

அன்று இரவு ஜெபத்தில் எனக்கு வார்த்தை வரவில்லை. ஜூன் மாதம் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன். "சேர்க்கலாம். அதுக்கு முன்னால ஒரு மாசம் பாடத்தக் குறைச்சுப் பாரேன்" என்றார்.

குறைத்தேன். சனிக்கிழமைகளில் மின்சார ரயிலில் கூட்டிப்போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பெயர்ப்பலகைகளை எழுத்துக் கூட்டினாள். குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம்... ரயில் நிற்பது அரை நிமிடம்தான். அதற்குள் வாசித்தாக வேண்டும் என்று அவளே பரபரப்பாள்.

முதல் ஸ்டேஷனிலேயே ஒரு கேள்வி வந்தது. "சானடோரியம்னா என்னம்மா?" 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே மருத்துவமனை தொடங்கிய கதையைச் சொன்னேன். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் சிகிச்சை. இன்றும் அங்கே நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. அன்று எங்களுக்கு வரலாறு, அறிவியல், தமிழ் எல்லாம் ஒரே டிக்கெட்டில் முடிந்தது.

இங்கிலாந்தில் 300 ஆண்டுகளுக்கு முன் சூசன்னா வெஸ்லி தன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தந்தவர். ஐந்து வயது முடியும் வரை அவர் எழுத்தைத் தொடங்கியதில்லையாம். ஆனால் தொடங்கிவிட்டால் தினமும் ஆறு மணி நேரம் பாடம்! எனக்கு அவருடைய காத்திருப்பு மட்டும் போதும்.

வீட்டில் கற்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2009 கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அதில் சொல்லவில்லை. 14 வயது நிறைந்ததும் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழி இருக்கிறது. ஆனாலும் இது எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. பகல் முழுக்க ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், அந்த ஒருவரின் சம்பளம் போகும். நாங்களும் வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, தொடரலாமா என்று பிள்ளைகளையும் கேட்டுத்தான் முடிவெடுக்கிறோம்.

போன வாரம் குடும்ப ஜெபத்தில் சங்கீதத்தை மகள் வாசித்தாள். இரண்டு இடத்தில் தடுக்கியது. நான் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். மாமியார் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அவளே வாசித்து முடித்தாள்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. மகன் இரண்டு கண்ணையும் திறந்து அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.