ஸிங்க் பண்றது பேக்கப் இல்லீங்க சாமியோவ்!

"பேக்கப் எடுக்கறீங்களா?"ன்னு நம்ம எழுதுற கூட்டத்துல யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "ஓ, எல்லாம் டிரைவ்ல ஏத்தியாச்சே!" இன்னும் கொஞ்சம் விவரமானவங்கன்னா, "எழுத்து ஃபோல்டர், போட்டோ ஃபோல்டர் ரெண்டையும் வெளி ஹார்ட் டிஸ்க்கோட ஸிங்க் போட்டிருக்கேன், ராத்திரி 10 மணிக்குத் தானா ஓடும்" என்பார்கள். முகத்துல ஒரு நிம்மதி வேற. அந்த நிம்மதியைக் கெடுக்கத்தான் இந்தப் பதிவு.

ஸிங்க் மென்பொருளின் வேலை, இரண்டு இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அது பழுது இல்லீங்க, அதோட தர்மமே அதுதான். விண்டோஸ்ல ரோபோகாப்பிக்கு 'மிர்' சுவிட்ச் கொடுத்தாலும், லினக்ஸ்ல ஆர்சிங்குக்கு 'டிலீட்' கொடுத்தாலும் இதே கதை. திங்கட்கிழமை நாவலோட 14-ஆம் அத்தியாயத்தை வெற்றுக் கோப்பா சேமிச்சுட்டீங்க, கவனிக்கலை. ராத்திரி 10 மணிக்கு அந்த வெறுமை ரொம்ப பத்திரமா ஹார்ட் டிஸ்க்குக்கும் போய்ச் சேர்ந்துடும். சனிக்கிழமை தேடினா ரெண்டு இடத்துலயும் காத்து. 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிவச்ச வான்னாக்ரை, கணினியோட இணைஞ்சிருந்த டிரைவ்களையும் சேர்த்தே பூட்டியது. எப்பவும் செருகியே கிடக்கிற ஹார்ட் டிஸ்க் யாருக்கு என்ன பாதுகாப்பு?

இணையச் சேவைகளும் பெரும்பாலும் ஸிங்க்தான். அழித்ததைக் குப்பைத்தொட்டியில் வழக்கமா 30 நாள் வச்சிருப்பாங்க. 31-ஆம் நாள் ஞாபகம் வந்தா? 2023 நவம்பர்ல கூகுள் டிரைவின் கணினிச் செயலி வச்சிருந்த சிலருக்குக் கோப்புகள் காணாமப் போய், அப்புறம் மீட்க ஒரு கருவி விட்டார்கள். கூகுளுக்கே அந்தக் கதின்னா...

சரி, பேக்கப்னா என்ன? நேற்று, போன வாரம், போன வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்துத் தரணும். 'ஸ்நாப்ஷாட்'னு சொல்றாங்க. அது இல்லாத மென்பொருளை, ஓசின்னாலும் தொடாதீங்க.

அடுத்தது இந்த 'தேர்ந்தெடுத்த ஃபோல்டர்' சமாச்சாரம். மை டாக்குமெண்ட்ஸுக்கு ஒரு டிக், பிக்சர்ஸுக்கு ஒரு டிக், முடிஞ்சது கடமை! தண்டர்பேர்டில் இருக்கும் பத்து வருஷ மடல் எங்கே இருக்குன்னு நினைக்கறீங்க? 'ஆப்டேட்டா'ங்கிற மறைவான ஃபோல்டர்ல. ஃபயர்ஃபாக்ஸ் புக்மார்க்கும் அங்கேதான். இன்னைக்கு போட்ட டிக், அடுத்த வருஷம் வேற இடத்துல நீங்க உருவாக்கப்போற ஃபோல்டரை அறியாது. அதனால என் கட்சி இது: உங்க பெயர்ல இருக்கிற முழு ஃபோல்டரையும் சேர்த்துட்டு, வேண்டாததை (டவுன்லோட்ஸ்ல கிடக்கிற படங்கள், தற்காலிகக் குப்பை) மட்டும் விலக்குங்க. மறந்தா இடம் கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதான். தலைகீழா செஞ்சா, மறந்தது போயே போச்சு.

இனி யாரும் பேசாத விஷயம். நாமெல்லாம் கோப்புக்குத் தமிழ்லயே பேர் வைக்கிற ஆசாமிகள். யூடிஎஃப்-8ல ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறையில் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். அதாவது 85 குறி. 'கொ'ங்கிற ஒரு எழுத்தே ரெண்டு குறி! குறியாக்கம் போட்ட சில வீட்டு வழங்கிப் பெட்டிகளில் வரம்பு 143 பைட், நமக்கு 47 குறிதான். விண்டோஸ்ல அழகா உட்கார்ந்திருக்கிற நீளத் தலைப்புக் கோப்பு, அங்கே நகலெடுக்கும்போது ஏறாது. மென்பொருளோ, ஓரமா ஒரு லாக்ல பிழைன்னு எழுதி வச்சுட்டு அடுத்த கோப்புக்குப் போயிடும். ஆங்கிலத்துல பேர் வைக்கிற விமர்சகர்கள் அஞ்சு நட்சத்திரம் குத்தறதை நம்பி நாம இறக்கினா இப்படித்தான்.

நான் சிபாரிசு செய்வது கோப்பியா. இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஸ்நாப்ஷாட் உண்டு, கட்டளை தட்டத் தெரியாதவங்களுக்குச் சன்னலும் உண்டு. கருப்புத்திரை பிடிச்சவங்களுக்கு ரெஸ்டிக். ரெண்டும் கோப்பைத் துண்டுகளாக்கிப் பூட்டித்தான் வைக்கும். கடவுச்சொல் போனா எல்லாம் போச்சு, நோட்டுல எழுதி பீரோவுல வைங்க. திறமூலம்னு அடிச்சுச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. க்ராஷ்பிளான் தன் வீட்டுச் சேவையை மூடப்போறதா 2017 ஆகஸ்டில் அறிவிச்சு, 2018 அக்டோபரில் மூடியே விட்டது. காசு கட்டினவங்க வேற வீடு தேடினாங்க.

எதைப் போட்டாலும் சரி, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை செய்யுங்க. நீளமான தமிழ்ப் பேர் வச்ச கோப்பு ஒண்ணு, பழைய போட்டோ ஒண்ணு, மடல் ஃபோல்டர் ஒண்ணு. மூணையும் பேக்கப்பிலிருந்து வேறொரு கணினிக்கு மீட்டுத் திறந்து பாருங்க. திறக்கலைன்னா அந்த மென்பொருளை அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டு வேற தேடுங்க. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி உள்ளே வைக்கவும் மறக்காதீங்க :-)