ஈர்த்ததா, கவர்ந்ததா?

கடைக் கதவில் 'தாரிக்' என்று எழுதியிருந்தால் இழுத்துத் திறக்கிறோம். உள்ளே போனால் 'தே தாரிக்' கேட்கிறோம். பார்த்த படம் பிடித்திருந்தால் 'மெனாரிக்' என்கிறோம். மலாயில் இழுத்தல் என்ற ஒரே வினை கதவிலிருந்து மனம் வரை வந்துவிடுகிறது.

தமிழில் காந்தத்துக்கு இரண்டு வினைகள் உண்டு: ஈர்த்தல், கவர்தல். தமிழ்ப்பள்ளியில் 'காந்தம் இரும்பை ஈர்க்கும்' என்றும் எழுதினோம், 'கவரும்' என்றும் எழுதினோம். ஆசிரியர் இரண்டையும் சரி என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஆனால் கவர்தலுக்குப் பறித்துக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. பகைவர் நாட்டுப் பசுக்கூட்டத்தை ஓட்டி வருவதைப் பழந்தமிழர் 'ஆநிரை கவர்தல்' என்றனர். பசுவின் விருப்பத்தை அங்கே யார் கேட்டார்கள்? காந்தம் அப்படியன்று. இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இழுக்கும்; அலுமினிய டின்னில் ஒட்டவே ஒட்டாது. இழுபடும் பொருளுக்குள்ளும் அதற்கேற்ற தன்மை இருக்க வேண்டும்.

இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது எஸ்.பி.எம். முடித்த பிறகுதான். ஜார்ஜ்டவுனில் ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போனேன். வழவழப்பான கையேடு, இலவசப் பை, இனிக்க இனிக்கப் பேச்சு. அன்றே பெயர் கொடுத்துவிட்டேன். ஆறே மாதத்தில் விலகினேன். அப்பா கட்டிய பதிவுக் கட்டணம் திரும்பி வரவில்லை. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

இப்போது மொழியியல் படிக்கிறேன். இடைநிலைப்பள்ளியில் யாரும் சொல்லாமலேயே மலாய்ச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்ட பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கிறது. என்னுள் இருந்த இரும்பு அதுதான். நான்தான் கவனிக்கவில்லை.

விண்ணப்பப் பாரத்தோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, கையெழுத்துப் போடுமுன் ஒன்று செய்யுங்கள். கையேட்டையும் பையையும் ஒதுக்கி வையுங்கள். அந்தத் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் பாடநூலைக் கேட்டு வாங்கி, பத்துப் பக்கம் படியுங்கள். பதினொன்றாம் பக்கத்தைக் கை தானாகப் புரட்டினால், அது ஈர்ப்பு. புரட்டாவிட்டால், உங்களைக் கவர்ந்தது அந்த இலவசப் பைதான்.