தூவலால் ஆகும் மின்கலம்

ஞாயிற்றொளியை மின்னாக மாற்றும் சிலிக்கன் கலத்தை, அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தார் 1954ஆம் ஆண்டில் செய்து காட்டினர். விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கே அன்று மின்னாயிற்று. அக்கலத்திற்கு மிகத் தூய சிலிக்கன் வேண்டும். அதனைப் பெறுதல் பெருஞ்செலவாயிற்று. அச்செலவைக் குறைக்க எண்ணியோர் மயிரினும் மெல்லிய படலத்தாற் கலம் அமைக்க முயன்றனர்.

அம்முயற்சியுள் எளியது தூவல் முறை. சேம்பர்லின், ஸ்கார்மன் என்னும் அமெரிக்கர் இருவர் 1966இல் இதனை விளக்கி எழுதினர். காட்மியம் குளோரைடும் தயோயூரியாவும் கரைந்த நீர், நுண்துளிகளாய்ச் சூடேறிய கண்ணாடியின்மீது தூவப்படும். சூடு 300 டிகிரிக்கு மேற்பட்டது. நீர் ஆவியாக, கரைந்திருந்த பொருள்கள் தம்முட் கூடி, காட்மியம் சல்பைடு என்னும் மஞ்சட் படலமாய்ப் படியும். காய்ந்த தோசைக்கல்லில் நீர் தெளிக்கக் கண்டவர்க்கு இதிற் பாதி விளங்கும். வெற்றிடப் பொறி எதுவும் வேண்டா. இப்படலத்தோடு செம்புச் சல்பைடு போன்ற மற்றொரு படலம் சேர்ந்தபின்பே கலம் நிறைவுறும்.

இம்முறையைப் புகழ்வோர் மலிவு ஒன்றையே பேசுகின்றனர். அது போதாது. தூவியதெல்லாம் கண்ணாடியிற் படிவதில்லை. ஒரு பங்கு புகையோடு வெளியேறும். காட்மியமோ கொடிய நஞ்சு. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில், சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் நீரிலும் நெல்லிலும் கலந்து மக்களின் எலும்புகளை நலிவித்தது. ‘நோகிறதே, நோகிறதே’ எனப் பொருள்படும் ‘இட்டாய் இட்டாய்’ என்னும் அவர்தம் அலறலே அந்நோயின் பெயராயிற்று. காட்மியமே காரணம் என 1968இல் அந்நாட்டரசு ஏற்றது.

கண்ணாடிகளுக்கிடையே அடைபட்டபின் காட்மியம் எளிதில் வெளிப்படாது என்பர். உண்மையே, ஆயினும் ஆக்கும் இடத்தில் அது அடைபட்டிருப்பதில்லை அன்றோ? புகையைப் பிடித்துத் தூய்மை செய்யும் செலவையும் கலத்தின் விலையிற் சேர்த்தல் வேண்டும். இன்றேல் அதனைத் தொழிலாளி தன் உடலாற் செலுத்த நேரும்.

வேறு வழியும் உண்டு. செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் ஆகிய நான்கும் கூடிய படலத்தை 1996இல் ஜப்பானிய அறிஞர் தூவல் முறையாலேயே ஆக்கினர். முதல் மூன்றும் கன்னார் பட்டறைக்குப் பழகிய பொருள்கள். இவ்வகைக் கலம் திறனிற் சிலிக்கனுக்கு இன்னும் பிற்பட்டதே. எனினும் ஆய்வுப் பொருள் இதற்குச் செல்லுதலே தக்கது. இக்கலங்கள் பலவற்றினுள்ளும் காட்மியம் சல்பைடு மெல்லேடாக இன்றும் இடம்பெறுகிறது. அதற்கு மாற்றாகத் துத்தநாகச் சேர்மங்களை ஆய்வோர் உளர்.