40-க்குக் கீழே



அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் நமக்கு எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. “மாற்றுத்திறனாளி அட்டையில் 90 விழுக்காடு என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் என் பிள்ளைக்கு மிச்சம் 10 விழுக்காடு அறிவுதானா?” இந்த இதழில் இந்தப் பக்கத்தை அந்தக் கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன்.

இல்லை. அந்த 90 அறிவின் அளவே அல்ல. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறை, குறைபாட்டை லேசானது, மிதமானது, தீவிரமானது, மிகத் தீவிரமானது என்று பிரித்து, முறையே 50, 75, 90, 100 என்று விழுக்காடு குறித்தது. சலுகைகள் பலவற்றுக்கும் குறைந்தது 40 விழுக்காடு வேண்டும் என்பதால், யாருக்கு எது சேரும் என்று தீர்மானிக்க அரசு வைத்துக்கொண்ட எண் அது. 100 என்று எழுதிய அட்டைக்குரிய பிள்ளையும் அம்மாவின் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்கிறது. பிடித்த பாட்டு முடிந்ததும் மறுபடி போடச் சொல்லி அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கிறது. அறிவு இல்லாமல் இது எப்படி நடக்கும்?

இந்த எண்ணுக்குப் பின்னால் சோதனைகள் இருக்கின்றன. நம் மையங்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஒன்று செகுவின் பலகை. வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம், சிலுவை என்று பத்து மரத்துண்டுகள், அவற்றுக்கேற்ற பத்துக் குழிகள். பிள்ளை மூன்று முறை பொருத்த வேண்டும். உளவியலாளர் கையில் கடிகாரம் ஓடும். மூன்றில் குறைந்த நேரம்தான் கணக்கு. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தசை தளர்ந்திருக்கும், விரல்கள் மெதுவாகவே இயங்கும். அப்படி ஒரு பிள்ளை நட்சத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தவறான குழியில் வைத்து, தானே எடுத்துச் சரியான குழியில் வைக்கிறது. தவறைத் தானே கண்டு திருத்திக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம்! கடிகாரத்துக்கு அது வீணான சில விநாடிகள் மட்டும். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் எடுவார் செகுவின் இத்தகைய பலகைகளைப் பிள்ளைகளின் கண்ணுக்கும் கைக்கும் பயிற்சி கொடுக்கத்தான் பயன்படுத்தினார். சோதனை ஆனது பிற்பாடு.

பாரிஸில் 1905-இல் ஆல்ஃபிரெட் பினேவும் தியோடோர் சிமோனும் அமைத்த முதல் நுண்ணறிவுச் சோதனையின் கதையும் இதற்குத் தூரமில்லை. பள்ளியில் யாருக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று கண்டறியவே அது பிறந்தது. அறிவு வளரவே வளராது என்று அறுதியிட்டவர்களைப் பினே வெளிப்படையாகக் கண்டித்தார். ஐ.க்யூ. என்ற ஒற்றை எண் வந்ததே 1912-இல், அவர் மறைந்த மறு ஆண்டில்.

பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் வெக்ஸ்லர் சோதனைகளில் மொத்த மதிப்பெண் 40-க்குக் கீழே இறங்காது. இவற்றைப் பொதுவான பிள்ளைகளை வைத்தே தரப்படுத்துகிறார்கள். 2,000 பேரைச் சோதித்தால் கணக்குப்படி 55-க்குக் கீழே இரண்டு மூன்று பேர்தான் தேறுவார்கள். அதற்கும் கீழே ஒப்பிட ஆளே இல்லை. 40 கிலோவுக்குக் கீழே முள் நகராத எடை இயந்திரத்தில் நிறுத்தினால் 12 கிலோ பிள்ளையும் 30 கிலோ பிள்ளையும் ஒன்றாகத்தானே தெரியும்? இரண்டு வருடம் உழைத்து வண்ணங்களின் பெயரைக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கும் அறிக்கையில் அதே 40. “முன்னேற்றம் இல்லை” என்று கேட்டுவிட்டு வீடு திரும்பும் தாய்க்கு என்ன சொல்வது?

இதற்கு மாற்றுத் தேடியவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் டேவிட் ஹெசல் குழுவினர், ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் குறைபாடுள்ள பிள்ளைகளின், அட்டவணைப்படி மாற்றாத அசல் மதிப்பெண்களை எடுத்து வேறு விதமாகக் கணக்கிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். அட்டவணையில் ஒரே தரையில் கிடந்த பிள்ளைகளிடையே பெரிய வித்தியாசங்கள் தெரியவந்தன. ஒன்றில் பலவீனம், இன்னொன்றில் பலம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வடிவம் கிடைத்தது. பிறகு டேப்லெட்டில் செய்யும் சோதனைகளையும் இவர்களுக்கேற்ப முறைப்படுத்தினார்கள். மருந்தோ பயிற்சியோ பலன் தருகிறதா என்று அறிய, சிறு மாற்றத்தையும் பிடிக்கும் அளவுகோல் வேண்டுமே.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் அட்டை இல்லை, உதவி இல்லை. அன்றாட வாழ்வைக் கேட்டறியும் வைன்லேண்ட் அளவுகோல் எனக்குப் பிடித்தமானது. நாக்பூரில் மாலின் நம் நாட்டுக்கேற்ப அமைத்த வடிவத்தில் 89 கேள்விகள்: தானே சாப்பிடுகிறானா, சட்டை போட்டுக்கொள்கிறாளா, தெருவில் தனியாகப் போய்வருகிறாளா? ஆனால் அவசரத்தில் நாமே தினமும் பொத்தான் போட்டுவிட்டால், அந்தக் கேள்விக்கு “இல்லை” என்றுதான் பதில் விழும். காலையில் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள்.

மையங்களில் பணிபுரியும் உளவியலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணுக்குக் கீழே நான்கு வரி எழுதுங்கள்: பிள்ளை எதைச் செய்தது, எந்த இடத்தில் நின்றது, எந்த உதவி கொடுத்ததும் தொடர்ந்தது. சிறப்புப் பள்ளி ஆசிரியர் பாடத்தைத் தொடங்க அந்த நான்கு வரி போதும்.

பெற்றோரே, அடுத்த மதிப்பீட்டுக்குப் போகும்போது பழைய அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். பிள்ளை வீட்டில் செய்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அசல் மதிப்பெண்ணையும் விளக்கத்தையும் எழுத்தில் தரும்படி தயங்காமல் கேளுங்கள். கிடைத்த பதிலை நமக்கும் எழுதி அனுப்புங்கள். மற்ற பெற்றோருக்குப் பயன்படும்படி வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்