முன் ஆதாரத்தை வாசித்தீர்களா?



பட்டணத்தில் வேலை செய்து, ஊரில் பெற்றோருக்கென்று ஒரு வீடு வாங்க எண்ணும் பிள்ளைகளுக்காக இம்மாதம் எழுதுகிறேன். விசேஷமாக, தேவிகுளம் தாலுகாவின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் இதைக் கவனமாய் வாசிக்கும்படி வேண்டுகிறேன். தோட்டத்தில் வேலை உள்ள மட்டும் லயத்தில் வீடு உண்டு. ஓய்வு பெற்றால் லயத்தை ஒழித்துக் கொடுக்க வேண்டும். அந்த நாளில் தகப்பனாரின் சேமநல நிதி, பணிக்கொடை, பிள்ளைகளின் சேமிப்பு எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு வீடாக மாறுகிறது. ஒரு தலைமுறையின் உழைப்பு ஒரு கையெழுத்தில் அடங்கிவிடுகிறது.

2013ஆம் ஆண்டு அப்படிப்பட்ட ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். அவருக்கு அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை. தேவிகுளம் தாலுகாவுக்குள்ளேயே நான்கு சென்ட் நிலமும் ஓட்டு வீடும் ஒன்பது லட்ச ரூபாய்க்கு வந்திருந்தது. “பாஸ்டர், அட்வான்ஸ் கொடுக்கப் போகிறோம், ஜெபியுங்கள்” என்றார். பேச்சோடு பேச்சாக, “அங்கே ஒரு வக்கீல் காகிதங்களைப் பார்த்துச் சொல்ல ஐயாயிரம் கேட்கிறார். ஆதாரம் எழுதுகிறவருக்கும் பணம், வாசிக்கிறவருக்கும் பணமா?” என்றும் கேட்டார். நானும், “விற்கிறவர் தெரிந்தவர்தானே” என்று சொல்லி, ஜெபித்து அனுப்பிவிட்டேன். காகிதங்களை வாசிக்கச் சொல்லவில்லை. அது என் தவறு. இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

அவர்கள் பார்த்த காகிதங்கள் யாவும் சுத்தமாகவே இருந்தன. விற்பவரின் ஆதாரம் பதிவானது. வில்லேஜ் ஆபீசில் கரம் கட்டிய ரசீது இருந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு எடுத்த வில்லங்கச் சான்றில் இரண்டு விற்பனைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த நிலத்தின் வேர் பதினான்காம் ஆண்டில் இருந்தது. அது 1999இல் வழங்கப்பட்ட ஒரு பட்டயம்.

தேவிகுளத்தார் அனைவரும் அறிந்த ‘ரவீந்திரன் பட்டயம்’ அதுவே. 1999இல் தேவிகுளத்தில் கூடுதல் தாசில்தார் பொறுப்பிலிருந்த எம்.ஐ. ரவீந்திரன் கையொப்பமிட்ட 530 பட்டயங்களுக்கு அந்தப் பெயர் வழங்கலாயிற்று. அவற்றை வழங்க அவருக்குச் சட்டப்படியான அதிகாரம் இருந்ததா என்பதே கேள்வி. இல்லை என்பது அரசின் நிலை. தாம் முறைப்படியே செய்ததாக அவர் சொல்லிவந்தார். 2022 ஜனவரியில் கேரள அரசு அந்த 530 பட்டயங்களையும் ரத்து செய்ய உத்தரவிட்டது. தகுதியுள்ளவர்கள் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் கூறியது. பட்டயத்தை முதலில் பெற்றவருக்கு அது ஒரு வழி. அவரிடமிருந்து விலை கொடுத்து வாங்கியவருடைய கலக்கத்தை யோசித்துப் பாருங்கள்.

நம் சகோதரரின் தகப்பனார் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் மகளின் கல்யாணத்துக்கு அதை விற்க முடியவில்லை. அடமானம் வைக்கக் கேட்டபோது வங்கியும் மறுத்துவிட்டது. 2007இல் மூணாறு ஆக்கிரமிப்பு அகற்றும் நடவடிக்கை நடந்த காலத்திலேயே இந்தப் பட்டயங்களைப் பற்றி நாடெங்கும் பேச்சு எழுந்தது. ஆகவே, 2013இல் அந்தப் பட்டயத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் உள்ளூர் வழக்கறிஞர் எவரும் உடனே எச்சரித்திருப்பார். ஐயாயிரம் ரூபாய் அந்த எச்சரிப்பின் விலை.

“பதிவாளர் பதிவு செய்து கொடுத்தாரே, அது போதாதா?” என்று அநேகர் கேட்கிறார்கள். போதாது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவாளர் ஆவணத்தைப் பதிகிறார். விற்பவருக்கு உரிமை உண்டா என்று விசாரித்துத் தீர்ப்பது அவர் வேலை அல்ல. 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைப் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லிற்று. கரம் ரசீதும் அப்படியே. வரி கட்டியதற்கு அது சாட்சி, உரிமைக்கு அதுமட்டும் போதிய சாட்சி அல்ல.

இப்போது செலவைக் கணக்குப் பார்ப்போம். வீடு வாங்குகிறவர் விலைக்கு மேல் மூன்று இடங்களில் பணம் கொடுக்கிறார்.

முதலாவது, அரசுக்கு. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இருபது லட்ச ரூபாய் வீட்டுக்கு இரண்டு லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் அதோடு சேர்ந்த மேல்வரியும் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதே வீட்டுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். இதில் பேரம் இல்லை. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதித் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் செவிகொடாதிருங்கள். அது அரசுக்குச் செய்யும் அநியாயம். நாளைக்கு வழக்கு வந்தால் நீங்கள் கொடுத்த பணத்துக்கே ஆதாரம் இல்லாமற்போகும்.

இரண்டாவது, ஆதாரம் எழுதுகிறவருக்கு. அவர் நீங்கள் சொல்வதை முறைப்படி எழுதித் தருகிறார். அதற்குரிய கூலி நியாயமானதே. ஆனால் விற்பவரின் உரிமையை முப்பது ஆண்டு பின்னோக்கி ஆராய்வது அந்தக் கூலியில் அடங்காது.

மூன்றாவது, உரிமையை ஆராய்ந்து கருத்து எழுதித் தரும் வழக்கறிஞருக்கு. இங்கேதான் நம் ஜனங்கள் கையை இறுக்குகிறார்கள். இலண்டனில் இருக்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே வீடு வாங்கும் வேலையை வழக்கமாக சொலிசிட்டரோ அதற்கென உரிமம் பெற்றவரோதான் செய்கிறார். 2018 டிசம்பர் முதல், அந்த வேலைக்கு என்ன கட்டணம், அதில் எவை அடங்கும் என்பதை சொலிசிட்டர் நிறுவனங்கள் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இலங்கையிலோ, 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்பாகவே நில விற்பனை உறுதி எழுதப்பட வேண்டும். நம் தேசத்தில் வீடு வாங்க வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததால் தேவையில்லை என்று எண்ணிவிடுகிறோம்.

வேதத்தில் எரேமியா 32ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருக்கிறது, தீர்க்கதரிசியோ காவற்சாலையின் முற்றத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார். ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கும்படி சொன்னவர் கர்த்தர். விற்கிறவர் தகப்பனின் சகோதரருடைய மகன். இருந்தும் எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகளை வைக்கிறார், முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று என்று இரண்டையும் பாரூக்கிடம் கொடுத்து மண்பாண்டத்தில் பத்திரப்படுத்துகிறார். தேவனே சொன்ன கிரயத்துக்கு இவ்வளவு ஒழுங்கு இருந்ததென்றால், தரகர் சொன்ன கிரயத்துக்கு எவ்வளவு ஒழுங்கு வேண்டும்! காகிதத்தை ஆராய்வது அவிசுவாசம் அல்ல. இதை நான் 2013இல் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே வழக்கறிஞரிடம் போகும்போது இவற்றை நினைவில் வையுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே போங்கள். ஒப்பந்தம் எழுதிய பிறகு கேட்கும் ஆலோசனை, மாத்திரையை விழுங்கியபின் மருத்துவரைக் கேட்பது போன்றது.

வங்கிக் கடன் வாங்குகிறவர்கள், “வங்கியின் வக்கீல் பார்த்துவிட்டாரே” என்று இருந்துவிடாதிருங்கள். அந்தக் கட்டணத்தை நீங்கள் கட்டினாலும், அவர் எழுதும் கருத்து வங்கியின் பாதுகாப்புக்காக எழுதப்படுகிறது. விற்பவரின் வழக்கறிஞரும் உங்களுடையவர் அல்ல.

கட்டணத்தை முதலிலேயே பேசி, எவை அதில் அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். முப்பது ஆண்டு வில்லங்கம் பார்ப்பது, எல்லா முன் ஆதாரங்களையும் மூல பட்டயத்தையும் வாசிப்பது, வில்லேஜ் மற்றும் தாலுகா அலுவலகப் பதிவுகளோடு சர்வே எண்ணை ஒப்பிடுவது, கருத்தைக் கையொப்பத்துடன் எழுதித் தருவது ஆகியவை அடங்க வேண்டும். முப்பது ஆண்டு ஏன் என்றால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி அரசு வழக்குத் தொடுக்க முப்பது ஆண்டு அவகாசம் உண்டு. பதிவு செய்யப்படாதவை வில்லங்கச் சான்றில் தெரியாது. பட்டயத்தின் குறையும் அதில் தெரியாது. ஆகையால் சான்று எடுத்துக் கொடுப்பது மட்டும் ஆராய்ச்சி ஆகாது.

“கிரயம் முடிந்தால்தான் கட்டணம்” என்று பேசாதிருங்கள். அப்படிப் பேசினால், வாங்க வேண்டாம் என்று சொல்லும் வழக்கறிஞருக்கு நஷ்டம் வரும்படி நாமே செய்துவிடுகிறோம். சதவீதக் கணக்கிலும் பேசாமல், செய்யும் வேலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள்.

தேவிகுளம் பகுதியில் வாங்குகிறவர்கள் இன்னும் இரண்டைக் கேட்க வேண்டும். நிலம் எந்தச் சட்டத்தின் கீழ் பதித்துக் கொடுக்கப்பட்டது, அதை விற்கவும் பயன்படுத்தவும் என்ன நிபந்தனை என்பது ஒன்று. 1971இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசு மீட்டெடுக்கச் சட்டம் வந்தபின், அந்தப் பகுதியில் தனியார் உரிமை கொண்டாடும் ஒவ்வொரு சென்ட்டுக்கும் அதன் வேரைக் காட்ட வேண்டியிருக்கிறது. மற்றது, கட்டடம். மூணாறு பகுதியில் கட்டடம் கட்ட வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று 2010இல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே, நிற்கிற வீட்டுக்கும் அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

கையில் பணமே இல்லை என்கிறவர்களுக்கும் வழி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்களும், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும், தொழிலாளரும், குறைந்த வருமானம் உள்ளவர்களும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். வழக்கு நடத்துவது மட்டுமல்ல, சட்ட ஆலோசனையும் அதில் அடங்கும். 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். தோட்டத்தில் வேலை செய்த உங்கள் தாயாரே நேரில் போய்க் கேட்கலாம், தயக்கம் வேண்டாம்.

சென்ற ஆண்டு அதே சகோதரர் மீண்டும் தொலைபேசியில் அழைத்தார். தங்கைக்காகப் போடிநாயக்கனூரில் ஒரு வீடு பார்த்திருந்தார். இம்முறை முதலில் வழக்கறிஞரிடம் கொடுத்து, எட்டாயிரம் ரூபாய் கட்டணமும் செலுத்தியிருந்தார். விற்பவரின் சகோதரிகள் இருவர் பாகத்தை விட்டுக்கொடுக்கவில்லை, வாங்க வேண்டாம் என்று வழக்கறிஞர் எழுதிக் கொடுத்துவிட்டார். “எட்டாயிரம் போயிற்று பாஸ்டர்” என்றார். சற்று நேரம் கழித்து, “போகட்டும். இருபத்திரண்டு லட்சம் கையில் இருக்கிறது” என்றார்.

அவருக்காக அன்றும் ஜெபித்தேன். ஜெபிக்கும் முன் வேறொரு கேள்வியையும் கேட்டேன்: “அடுத்த வீட்டின் முன் ஆதாரங்களை யாரிடம் காட்டப் போகிறீர்கள்?” உங்களிடமும் அதையே கேட்கிறேன்.

கர்த்தர் உங்கள் பிரயாசத்தைக் காத்து, உங்கள் பெற்றோரைச் சமாதானமாய்க் குடியிருக்கப்பண்ணுவாராக. ஆமென்.