தரம் குறைந்துவிடுமாம்

‘எல்லாரையும் சேர்த்துக்கொள்வது நல்ல எண்ணம்தான், ஆனால் புதுமைக்கு வேண்டியது திறமையும் வேகமும், பன்மை பார்த்து ஆளெடுத்தால் இரண்டும் அடிபடும்.’ பன்மைக்கு எதிரான வாதம் இவ்வளவுதான்.

ஒன்று: திறமையை அளக்கும் கோல் யார் கையில் இருக்கிறது? கேம்பஸ் இன்டர்வியூவில் சரளமான ஆங்கிலத்துக்கு விழும் மார்க், மூளைக்கு விழுந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. இதுவா தரம்?

இரண்டு: திறமைசாலிகள் மட்டுமே கட்டியதைப் பார்ப்போம். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் மூன்றை ஆய்வாளர்கள் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. மூன்றில் இரண்டு மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் தயாரிப்புகள். அங்கே திறமைக்கா பஞ்சம்? மென்பொருளைக் கருநிறப் பெண்களின் முகத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்லக் குழுவில் ஆள் இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

மூன்று: வேகம். 1986 ஜனவரி 27 இரவு, இந்தக் குளிரில் சேலஞ்சர் விண்கலத்தை ஏவாதீர்கள் என்று அதன் ராக்கெட்டைச் செய்த தயோகால் நிறுவனப் பொறியாளர்கள் மன்றாடினார்கள். ஏவும் அவசரத்தில் மேலாளர்கள் அதை மீறினார்கள். மறுநாள் 73ஆவது விநாடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அந்தப் பொறியாளர்கள் கூட்டத்தில் இருந்தும் அவர்கள் பேச்சு எடுபடவில்லை. நாற்காலி கொடுத்துவிட்டுப் பேச்சைத் தள்ளுவதும் விலக்கிவைப்பதுதான். (மகளிர் தினக் கோலப்போட்டி நடத்தும் ஹெச்ஆர்கள் கவனிக்க.)

மாறாக, டொயோட்டாவில் தவறு கண்டால் கடைநிலைத் தொழிலாளிகூட உற்பத்தி வரிசையை நிறுத்தலாம். வேகம் குறைந்து டொயோட்டா மூடப்பட்டுவிட்டதா?