ஓரத்து மண்ணை வெட்ட ஆளில்லை

ஐப்பசி அடைமழை ஓய்ந்த மறுநாள் ஏதேனும் ஓர் ஊராட்சி ஒன்றியச் சாலையில் நடந்து பார்த்தால், இரு ஓரத்து மண்ணும் புல்லும் தார்மட்டத்துக்குமேல் நாலு விரற்கடை உயர்ந்து நிற்க, வடிய வழியற்ற நீர் நடுவே தேங்கி, வெடிப்புகளில் இறங்கி, மணல் லாரி ஏறியிறங்கியதும் ஜல்லியைப் பெயர்த்துக்கொண்டு வெளிவருவதைக் காணலாம். தாருக்குப் பாரத்தைவிட நீரே பெரிய சத்துரு. அதைத் தடுக்க ஒரு மண்வெட்டியும், சிறுபாலத்துக் கண்ணில் அடைத்த செத்தையை வாரிப்போட ஓர் ஆளும் போதும் என்பது மேஸ்திரி முதல் சகலருக்கும் தெரியும். ஆயினும் அந்தச் சொற்பச் செலவுக்குத்தான் எந்தக் கணக்கிலும் இடமில்லை.

பணமுடை மெய்தான். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை கிராம உள்ளாட்சிகளுக்கு வகுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது. எஞ்சிய 40 சதவீதத்தையும் சம்பளத்துக்குச் செலவிட விதி இடந்தரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட சபை உள்ள இடத்துக்கே மானியம் என்ற நிபந்தனை வேறு இருக்க, 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வசமாயின.

ஆனால் முடையை மட்டும் குற்றஞ்சொல்வது நிர்வாகத்துக்குச் சௌகரியமான பேச்சு. 2000இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் 5 ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தக்காரரைச் சேர்ந்தது. ஆறாம் ஆண்டு பிறந்ததும் சாலை அநாதையாகிறது. புதுச் சாலைக்குத் திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் உண்டு; ஓடை தூர்வாரியதற்கு யார் கல்வெட்டு நாட்டுவார்?

ஆகவே, பழைய சாலைகளின் ஆண்டுப் பராமரிப்புக்கான தொகையை மாநில நிதிப்பகிர்விலிருந்து தனிக்கணக்கில் ஒதுக்காத எந்த ஒன்றியத்திலும் புதுச் சாலைக்கு அனுமதி தரலாகாது என்பதே நமது அபிப்பிராயம். இதுவரை சாலையே காணாத குக்கிராமங்களுக்கு மட்டும் விலக்களிப்பது நியாயம். அந்தத் தொகையின் முதற்செலவு ஆள் நியமனமாக இருக்கட்டும். நிரந்தர ஆள் நிரந்தரச் சுமை என்று ஆட்சேபிப்போர் உண்டு. நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர் சுமார் 10,000 பேர் 2002இல் நீக்கப்பட்டதும், 41 மாதங்கள் கழித்துத் திரும்ப அழைக்கப்பட்டதும் அவர்களுக்கு நினைவிருக்கும்.

மார்கழியில் மதிப்பீடு தயாரித்து, பங்குனியில் தார் ஊற்றி, அடுத்த ஐப்பசியில் அதே பள்ளத்தை அளக்கும் வழக்கம் போதும். இவ்வாண்டு புரட்டாசி முடியுமுன் ஓரத்து மண் வெட்டப்பட வேண்டும்.